பட்டம் வெல்லாத கூர்னிகோவாவும் பந்தில்லாத படங்களும்

"ரஷ்ய டென்னிஸ் வீராங்கனை அன்னா கூர்னிகோவா ஒரு ஒற்றையர் பட்டம்கூட வென்றதில்லை. ஆனாலும் உலகமே அவர் பெயரை அறிந்திருந்தது. பெண்கள் விளையாட்டில் நட்சத்திரங்கள் எனப்படுவோரில் பாதிப் பேர் இப்படி ஊடகங்கள் ஊதிப் பெரிதாக்கியவர்கள்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் எவ்வளவு நன்றாக ஆடினார் என்பது ஒன்று. அவருக்குக் கிடைத்த இடம் அந்த ஆட்டத்துக்காகக் கிடைத்ததுதானா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆட்டப் பதிவுகளிலேயே விடை இருக்கிறது. இரண்டாவதற்குச் செய்தி அறையில்தான் விடை தேட வேண்டும். நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இரண்டைப் பற்றியும் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்திப் பொருளாக அவருக்கு அளவுக்கு மீறி இடம் தந்தார்கள். ஆட்டக்காரராக அவரை இன்றுவரை குறைத்தே மதிப்பிடுகிறார்கள். முன்னதன் மேல் உள்ள எரிச்சலைப் பின்னதில் தீர்த்துக்கொள்கிறோம்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றிலிருந்து தொடங்குகிறேன். 1997-ல் முதன்முறையாக விம்பிள்டனில் ஆடியபோதே, 16 வயதில், அரையிறுதி வரை போனார். அங்கே அவரைத் தோற்கடித்தவர் அந்த ஆண்டுச் சாம்பியனான மார்ட்டினா ஹிங்கிஸ். 1998 மார்ச்சில் மியாமியில் அவர் ஆடிய ஆட்டத்தை டென்னிஸ் பார்ப்பவர்களே பலர் மறந்துவிட்டார்கள். மோனிகா செலஸ், கொன்சிட்டா மார்ட்டினஸ், லிண்ட்சே டேவன்போர்ட், அரான்ட்சா சான்செஸ் விகாரியோ என முதல் பத்து இடங்களுக்குள் இருந்த நால்வரை அடுத்தடுத்து வென்று இறுதிக்கு வந்தார். அங்கே வீனஸ் வில்லியம்ஸிடம் முதல் செட்டை எடுத்த பிறகு தோற்றார். அதே ஆண்டு ஈஸ்ட்போர்னின் புல்தரையில் ஸ்டெஃபி கிராஃபை வென்றார். அந்த ஆட்டத்தில் கட்டைவிரலில் பட்ட காயத்தால் விம்பிள்டனுக்கே போக முடியவில்லை. 2000 நவம்பரில் ஒற்றையர் தரவரிசையில் 8-ஆம் இடம். 2001-ல் ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதி. இரட்டையரில் 1999 நவம்பரில் உலகின் முதலிடம். ஹிங்கிஸுடன் சேர்ந்து 1999, 2002 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலிய ஓபன் பட்டம். மொத்தம் 16 இரட்டையர் பட்டங்கள். இத்தனை செய்த ஒருவரை "ஆடத் தெரியாதவர்" என்று சொல்ல நியாயமே இல்லை.

ஒற்றையர் பட்டம் ஏன் வரவில்லை? நான்கு முறை இறுதி வரை வந்தார். ஒருமுறை வீனஸிடமும், இருமுறை ஹிங்கிஸிடமும், கடைசியாக 2002-ல் ஷாங்காயில் அன்னா ஸ்மாஷ்னோவாவிடமும் தோற்றார். எதிரே நின்றவர்களின் தரம் பாதிக் காரணம். மீதிப் பாதி அவருடைய இரண்டாவது சர்வீஸ். 1999 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாம் சுற்றில் ஜப்பானின் மிஹோ சயெகியுடன் ஆடிய ஆட்டத்தில் மட்டும் 31 டபுள் ஃபால்ட் (முதல் சர்வீஸும் இரண்டாவதும் தவறிப் புள்ளியை இழப்பது) செய்தார். 31 புள்ளிகளை எதிராளிக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, மூன்றாவது செட்டை 10-8 என்று பிடித்து அந்த ஆட்டத்தை வென்றும்விட்டார் என்பதை இதைக் கேலியாகச் சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். அதே இரண்டு வாரத்தில், அதே மெல்போர்னில், இரட்டையர் பட்டத்தையும் வாங்கினார்.

ஒரே ஆட்டக்காரரிடம் இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து இருந்தன என்பது டென்னிஸைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் புரியும். ஒற்றையரில் ஒன்றுவிட்டு ஒரு கேமில் நீங்கள் சர்வ் போட வேண்டும். இரட்டையரில் நான்கு கேமில் ஒன்றுதான் உங்களுடையது. நீங்கள் போடும் சர்வீஸ் பலவீனமாக இருந்தாலும் வலையருகே ஹிங்கிஸ் நிற்கிறார். எதிராளி அவரைத் தாண்டி அடிக்க வேண்டும். கூர்னிகோவாவின் பலம் வலையருகே வேலை செய்யும் கைகள். பந்து வரும் வேகத்தை உறிஞ்சி வாலியை (தரையில் படும் முன்பே அடிக்கும் அடியை) சாவதானமாக வைப்பார். பந்தை வலைக்கு அந்தப் பக்கம் மெல்லப் போடும் டிராப் ஷாட் அடிக்கப்போகிறார் என்பது மட்டையில் பந்து படும் வரை தெரியாது. இந்தத் திறமைகளுக்கு இரட்டையரில் முழு விலை கிடைக்கும். ஒற்றையரிலோ, அந்தத் திறமையைக் காட்டும் இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே சர்வீஸ் காலை வாரிவிடும்.

2001-ன் தொடக்கத்தில் இடது பாதத்தில் எலும்பு முறிவு ஏற்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டும் போயின. ஆண்டு முடிவில் தரவரிசை 74. பிறகு முதுகு வலி. 2003-ல் 21 வயதில் முழுநேர டென்னிஸ் வாழ்க்கை முடிந்துவிட்டது. கால் நன்றாக இருந்திருந்தால் பட்டம் வென்றிருப்பார் என்று சிலர் சொல்வார்கள். முதல் பத்து இடங்களுக்குள் இருந்தவர் 21 வயதுக்குப் பிறகும் ஆடியிருந்தால் ஏதோ ஒரு சிறிய போட்டியில் கோப்பை தூக்கியிருப்பார் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அது ஊகம். பதிவில் இருப்பது பூஜ்யம்தான்.

அந்தப் பூஜ்யத்துக்கு எவ்வளவு எடை தருவது? அவருடைய கடைசி இறுதியில் எதிரே நின்ற ஸ்மாஷ்னோவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்ஸ்கில் பிறந்து இஸ்ரேலுக்காக ஆடியவர். 12 ஒற்றையர் பட்டங்கள் வென்றவர். 2002-ல் மட்டும் நான்கு. ஆனால் அவருடைய மிக உயர்ந்த தரவரிசை 15. கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகள் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், யுஎஸ் ஓபன்) எதிலும் அவர் ஒற்றையர் காலிறுதியைத் தொட்டதில்லை. கூர்னிகோவாவோ பட்டமே இல்லாமல் 8-ஆம் இடம் வரை போனவர், விம்பிள்டனில் அரையிறுதி ஆடியவர். இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று டென்னிஸ் தெரிந்த பத்துப் பேரைக் கேட்டால் பதில் இரண்டாகப் பிரியும். பட்டங்களின் எண்ணிக்கை ஓர் அளவுகோல்தான். பெரிய போட்டிகளில் யாரை வென்றார் என்பது இன்னொன்று. ஒருவரைத் தூக்கவோ மட்டம்தட்டவோ நினைப்பவர்கள் தமக்கு வசதியான கோலை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். மகேஷ் பூபதி ஒற்றையரில் எந்தப் பட்டமும் வென்றதில்லை, தரவரிசையில் முதல் 200-க்குள்ளேயே வந்ததில்லை. அவரை மிகைப்படுத்தப்பட்டவர் என்று இங்கே யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? சொல்லக் கூடாது என்பதே என் கட்சி. அவர் இரட்டையர் ஆட்டத்தின் மேதை. 1999-ல் லியாண்டர் பயஸும் அவரும் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் இறுதிக்கு வந்து இரண்டை வென்றார்கள். அதே 1999-ல் பெண்கள் இரட்டையரில் முதலிடத்துக்கு வந்தவர் கூர்னிகோவா. ஆணின் இரட்டையர் பட்டம் சாதனை, பெண்ணின் இரட்டையர் பட்டம் ஆறுதல் பரிசு என்ற கணக்கு எனக்கு உடன்பாடில்லை.

இனி இரண்டாவது கேள்வி. இங்கே உங்கள் கோபம் சரியானது. செய்தி நிறுவனங்களின் படங்கள் இரவில் வரிசையாகத் திரையில் வந்து விழும். விம்பிள்டன் நடக்கும் வாரங்களில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வரும். டென்னிஸ் படம் எடுப்பவர்களுக்கு ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. படத்துக்குள் பந்து இருக்க வேண்டும். மட்டையில் படும் நொடியோ அதற்கு ஒரு கணம் முன்போ, பந்து கண்ணில் பட்டால்தான் அது ஆட்டத்தின் படம். மற்ற வீராங்கனைகளின் படங்களில் பெரும்பாலும் பந்து இருக்கும். கூர்னிகோவாவின் படங்களில் பெரும்பாலும் இருக்காது. கூந்தலைச் சரிசெய்வார், குனிந்து எதையோ எடுப்பார், துண்டால் முகம் துடைப்பார், இரண்டு கேம்களுக்கு நடுவே நடந்துபோவார். அவர் தோற்ற நாளிலும் அந்தப் படங்கள் வந்து குவியும். வென்றவரின் படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பக்கம் முடிக்கும் நேரத்தில் எது முன்னால் கிடக்கிறதோ அதுதான் அச்சேறும். படம் எடுப்பவர், அதை அனுப்புபவர், பக்கம் கட்டுபவர், மறுநாள் அதைப் பார்த்துப் பத்திரிகை வாங்குபவர் என்று ஒரு சங்கிலி. இதில் எந்தக் கண்ணியிலும் அவருடைய பேக்ஹேண்டைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. வேறு எந்தப் பெண் ஆட்டக்காரரைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: படத்தில் பந்து இருக்கிறதா?

2000 ஜூனில், பிரெஞ்சு ஓபன் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அவரை அட்டையில் போட்டது. தலையணையில் சாய்ந்தபடி எடுத்த படம், மட்டைக்கு அதில் வேலையே இல்லை. அந்தப் போட்டியில் அவர் இரண்டாம் சுற்றில் தோற்றுப்போனார். கோப்பையை வென்றவர் மேரி பியர்ஸ். 2001 பிப்ரவரியில் கூர்னிகோவாவின் படம் என்று சொல்லி மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்து உலகெங்கும் கணினிகள் வைரஸுக்கு இரையாயின. ஓர் இளைஞர் எழுதிய நிரல் அவ்வளவு தூரம் பரவ அந்தப் பெயர் ஒன்றே போதுமாக இருந்தது. ஆட்டத்தில் அவர் வாழ்நாள் முழுவதும் சம்பாதித்த பரிசுப் பணம் ஏறக்குறைய 36 லட்சம் டாலர். விளம்பரங்களில் ஓர் ஆண்டிலேயே அதைவிடப் பல மடங்கு வருகிறது என்று அன்றைய செய்திகள் சொல்லின. அந்த ஒப்பந்தங்களின் உண்மைத் தொகை வெளியே வராத ஒன்று, ஆகவே அந்த மடங்கை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

இதில் பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்டால் என் மனதில் முதலில் வருபவர் லிண்ட்சே டேவன்போர்ட். 1998 யுஎஸ் ஓபன், 1999 விம்பிள்டன், 2000 ஆஸ்திரேலிய ஓபன் மூன்றையும் வென்றவர், தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் பந்தை அவரைப் போல் நேராக, கனமாக அடித்த பெண் வேறு யாருமில்லை என்று நான் நினைக்கிறேன். அட்டைப்படங்கள் அவருக்கு அந்த அளவுக்கு வரவில்லை. பெண்கள் டென்னிஸுக்கு இவ்வளவு விளம்பரம் கிடைத்த அதே ஆண்டுகளில் விம்பிள்டன் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவான பரிசுப் பணத்தையே கொடுத்துக்கொண்டிருந்தது. 2007-ல்தான் அது சமமானது. ஒருவர் மேல் குவிந்த வெளிச்சம் மற்றவர்களின் சம்பளமாக மாறவில்லை.

இதே கதை தடகளத்திலும் நடந்தது. அமெரிக்காவின் லோலோ ஜோன்ஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். பத்துத் தடைகளில் ஒன்பதாவதில் கால் தட்டி ஏழாவதாக முடித்தார். தங்கம் வென்றவர் அவருடைய அணியைச் சேர்ந்த டான் ஹார்ப்பர். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனுக்குப் போகும்போது விளம்பரங்களிலும் இதழ்களிலும் இருந்தவர் ஜோன்ஸ், நடப்புச் சாம்பியன் அல்ல. இறுதி ஓட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு நியூயார்க் டைம்ஸ் அவரை வெறும் பிம்பம் என்ற தொனியில் கடுமையாக எழுதியது. அந்தக் கட்டுரை எல்லை மீறியது என்று அந்தப் பத்திரிகையிலேயே வாசகர்களுக்கான ஆசிரியர் பின்னர் கண்டித்தார். ஓட்டத்தில் ஹார்ப்பர் வெள்ளி, கெல்லி வெல்ஸ் வெண்கலம், ஜோன்ஸ் நான்காவது. வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். ஹார்ப்பரும் வெல்ஸும் தொலைக்காட்சிப் பேட்டியிலேயே தங்கள் மனக்குறையைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஜோன்ஸ் 2008, 2010 இரண்டு ஆண்டுகளிலும் உள்ளரங்கு உலகச் சாம்பியன் என்பதும் உண்மை. ஒரே ஊடகம்தான் அவரை ஏற்றியது, அதே ஊடகம்தான் அவரை அடித்தது. ஹார்ப்பருக்கு இரண்டிலும் பங்கில்லை.

சானியா மிர்சாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் நகர முடியவில்லை. 2005-ல் ஹைதராபாத்தில் பட்டம் வென்று, யுஎஸ் ஓபனில் நான்காம் சுற்று வரை ஆடியபோது, அவருடைய பாவாடையின் நீளமும் டி-ஷர்ட் வாசகமும்தான் செய்தி. அவரை மிகைப்படுத்தப்பட்டவர் என்று சொல்வது அப்போதே நாகரிகமாகிவிட்டது. 2007-ல் 27-ஆம் இடம் வரை போனார். எந்த இந்தியப் பெண்ணும் ஒற்றையரில் அவ்வளவு உயரம் போனதில்லை. 2015-ல் இரட்டையரில் உலகின் முதலிடத்துக்கு வந்து, ஹிங்கிஸுடன் விம்பிள்டன், யுஎஸ் ஓபன், அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் என்று அள்ளினார். அந்த ஜோடி 41 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்காமல் இருந்தது. அப்போது "ஹிங்கிஸ் தூக்கிக்கொண்டு போகிறார்" என்றார்கள். ஆனால் 2014-லேயே ஜிம்பாப்வேயின் காரா பிளாக்குடன் ஆண்டிறுதிச் சாம்பியன் பட்டத்தை வென்றவர் அவர். இன்னும் முன்னே போனால், கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை வென்றார். நவீன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் வெற்றி அது. அதே ஆண்டில் கூர்னிகோவா யாரென்று தெரிந்த தமிழ் வாசகர்கள் எத்தனை பேருக்கு நிருபமாவைத் தெரிந்திருந்தது? இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று உண்டு. கூர்னிகோவாவின் புகழால்தான் ரஷ்யாவில் ஒரு தலைமுறையே டென்னிஸுக்கு வந்தது என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். 2004-ல் ரஷ்யப் பெண்கள் மூன்று கிராண்ட்ஸ்லாம்களை வென்றதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் இறுதியில் ஆடிய மிஸ்கினா, டெமென்டியேவா இருவருமே கூர்னிகோவா பிறந்த அதே 1981-ல் பிறந்தவர்கள். மூவருமே சிறுமிகளாக மாஸ்கோவின் ஸ்பார்டக் மன்றத்தில் பயின்றவர்கள். ஆக, இவர்கள் அவரைப் பார்த்து மட்டையை எடுத்தவர்கள் அல்லர். அவருக்குக் கிடைத்த பணத்தைப் பார்த்துப் பெற்றோர்களும் விளம்பரதாரர்களும் அடுத்து வந்த சிறுமிகளிடம் ஆர்வம் காட்டியிருக்கலாம். அது நம்பக்கூடியது, ஆனால் நிரூபிக்க வழியில்லை. அவரால் அரங்கம் நிறைந்தது என்பதும் பார்த்தவர்கள் சொல்லும் சாட்சிதான். வந்தவர்களில் எத்தனை பேர் அவர் தோற்ற பிறகும் மற்ற ஆட்டங்களைப் பார்க்க இருந்தார்கள் என்பதை டிக்கெட் கணக்கு சொல்லாது.

மிகை என்ற குற்றச்சாட்டு முழுக்கச் சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. அது ஆரூடம். 16 வயதுப் பெண் ஒருமுறை நன்றாக ஆடியவுடன் "அடுத்த முதலிடம் இவருக்கே" என்று எழுதுவது. பிரிட்டனின் எம்மா ராடுகானு 2021 யுஎஸ் ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, பத்து ஆட்டங்களில் ஒரு செட்கூட இழக்காமல் கோப்பையை வென்றார். தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரை வென்றவர் அவருக்கு முன் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. அந்த மூன்று வாரத்தை யாரும் மிகை என்று சொல்ல முடியாது. மிகை அதற்கு அடுத்த நாள் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே போட்டியில் முதல் சுற்றில் அவர் தோற்றபோது ஏமாற்றிவிட்டது போல் எழுதினார்கள். வாக்குறுதி கொடுத்தவர்கள் எழுதியவர்கள், 18 வயதுப் பெண் அல்ல.

இப்போது இதே கேள்வி கெய்ட்லின் கிளார்க்கைச் சுற்றி ஓடுகிறது. 2024-ல் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகில் முதல் ஆண்டிலேயே 337 அசிஸ்ட்கள் (சக வீராங்கனை கூடை போட வழிசெய்யும் பாஸ்கள்) கொடுத்து, ஒரு பருவத்துக்கான சாதனையை முறியடித்தார். ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் என்பதும் சாதனைதான். பந்தில்லாத படத்தால் வந்த புகழ் அல்ல இது. அதே ஆண்டு ஒரு பருவத்தில் ஆயிரம் புள்ளிகளைத் தாண்டிய முதல் பெண்ணாகி, மூன்றாம் முறையாக லீகின் சிறந்த வீராங்கனை விருதை வாங்கியவர் ஏஜா வில்சன். கிளார்க்குக்குக் கிடைத்த இடத்தில் ஒரு பங்காவது அவருக்கு வந்திருக்க வேண்டும் என்பதை எண்களைப் பார்த்தே சொல்ல முடிகிறது. அதைத் தாண்டிக் கிளார்க்கின் தடுப்பாட்டம் எப்படி, அவரைச் சுற்றி அணியை அமைக்கலாமா என்பதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்தான் வேண்டும். அந்த விளையாட்டை நான் பார்வையாளனாக மட்டுமே பார்த்திருக்கிறேன்.